சுட்டுத்துண்டு எதைச் சுட்டுகிறது?

சுன்னாகம் சந்தையில் காலை வேளையில் வந்து குவியும் முருங்கைக்காய்க்கும் மரவள்ளிக்கிழங்குக்கும் கப்பல் வாழைக்குலைக்கும் எந்த எழுத்துச் சான்றும் வேண்டியிருப்பதில்லை. அவற்றைத் தெரிந்தெடுக்கும் வித்தையைக் கண்ணும் கையும் மூக்கும் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்திருக்கின்றன. ஆனால் அதே சந்தையைச் சூழ்ந்து காங்கேசன்துறை வீதியின் இருமருங்கும் நிற்கும் பலசரக்குக் கடைகளிலே தொங்குகின்ற பிஸ்கற் பக்கற்றையும், அடுக்கி வைக்கப்பட்ட பால்மாப் பெட்டியையும், குளிரூட்டியின் கண்ணாடிக்குள் வியர்த்து நிற்கும் சோடாப் போத்தலையும் நசுக்கியோ முகர்ந்தோ பார்த்து வாங்குதல் இயலாது. அங்கே பொருளுக்கும் வாங்குவோருக்கும் இடையில் அச்சிட்ட தாளொன்று நிற்கின்றது. கடைக்காரர் லேபல் என்று சொல்லும் அந்தத் தாளை இலங்கையின் சட்டத் தமிழ் 'சுட்டுத்துண்டு' என வழங்குகிறது. பெயர் இட்டவர் நினைத்துத்தான் இட்டாரோ என்னவோ, பெயர் பொருத்தமாகவே வாய்த்துவிட்டது. சுட்டு என்று ஒன்று வந்தால் அது எதைச் சுட்டிற்று என்று கேட்பதே இலக்கணம் கற்றோர் வழக்கம், அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) வாழ்ந்து, ஏடுகளைப் பரிசோதித்து, சொல்லுக்குச் சொல் பொருள் கண்ட ஊரில் அவ்வினா அந்நியமானதன்று.

பிள்ளைக்கு உகந்த ஆகாரத்தை இத்தாளைப் படித்துத் தெரிந்துகொள்ளல் கூடுமா என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறது. ஒவ்வொரு விடையும் தன் காலத்து அச்சம் ஒன்றிலிருந்து பிறந்தது. அந்த அச்சம் மாறிய பின்னும் விடை மாத்திரம் தாளின் ஒரு மூலையில் தங்கிவிட்டது. ஆதலால் இன்று ஒரு பிஸ்கற் பக்கற்றின் பின்புறத்தைப் படிப்பவர், தாம் அறியாமலே, வெவ்வேறு நூற்றாண்டுகளின் அபிப்பிராயங்களை ஒரே மூச்சில் படிக்கிறார்.

உள்ளதை உள்ளபடி சொல்லுதல்

முதல் அச்சம் கலப்படம். லண்டனில் ஆதர் ஹில் ஹசல் என்ற வைத்தியர் பூதக்கண்ணாடியின் துணையோடு கடைப் பண்டங்களை ஆராய்ந்து, 1851 முதல் 1854 வரை 'லான்செற்' சஞ்சிகையில் தம் முடிவுகளை விற்றவர்களின் பெயர் விலாசத்துடனே வெளியிட்டார். சிறுவர் வாங்கித் தின்னும் இனிப்புகளுக்கு ஈயமும் செம்பும் சேர்ந்த நச்சுச் சாயங்கள் ஊட்டப்பட்டிருந்தமை அவற்றுள் ஒன்று. 1858-ல் இங்கிலாந்தின் பிறட்போட் நகரில், மலிவுக்காக இனிப்பிற் கலக்கப்படும் வெண்பொடிக்குப் பதிலாகத் தவறுதலாய்ப் பாஷாணம் கலந்து, இருபது பேரளவில் மாண்டனர். 1860-ல் அந்நாட்டில் கலப்படத்துக்கு எதிரான முதலாவது பொதுச் சட்டம் வந்தமைக்கு இவை தூண்டுதலாயின. ஐக்கிய அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த மரபினதே.

இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இம்மரபின் வாரிசு. பொய்யான, மயக்கந் தரக்கூடிய சுட்டுத்துண்டோடு உணவை விற்றல் குற்றம் என்பது அதன் சாரம். அச்சட்டத்தின் கீழ் 2005-ல் வெளியான ஒழுங்குவிதிகள் பண்டத்தின் பெயர், சேர்மானங்கள், நிறை, திகதிகள், உற்பத்தியாளர் விலாசம் முதலியவற்றை எழுதுமாறு கட்டளையிட்டன. சேர்மானப் பட்டியல் நிறையின் இறங்கு வரிசையில் அமைய வேண்டும் என்ற சர்வதேச நியமம் பெற்றோருக்குக் கிடைத்த எளிய கருவி. முதலில் நிற்பதே மிகுதியாக இருப்பது. பிள்ளைக்கென்று விற்கப்படும் பண்டத்தில் சீனி இரண்டாம் இடத்தில் நிற்குமாயின் வேறு கணக்கு வேண்டியதில்லை.

ஆயினும் உண்மை பேசுதல் வேறு, நன்மை செய்தல் வேறு. சீனி என்று எழுதிச் சீனியை விற்பவன் சட்டத்தின் முன் குற்றமற்றவன். அன்றியும் அதே இனிப்பைச் சீனி, குளுக்கோஸ் பாகு, மோல்ட்டோடெக்ஸ்ரின், மோல்ற் சாரம் என நான்கு பெயராகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்ப்பவர் அரிது. சாயங்களின் கதையும் இத்தகையதே. 2007-ல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுப் பிள்ளைகளையும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த பரிசோதனையில், சில செயற்கைச் சாயங்களும் சோடியம் பென்சோவேற்றும் சேர்ந்த பானம் பிள்ளைகளின் அமைதியின்மையைச் சிறிது கூட்டக் கண்டனர். அதன்பின் ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் அப்பரிசோதனையில் இடம்பெற்ற ஆறு சாயங்களுக்கும் எச்சரிக்கை வாசகம் ஒன்றைக் கட்டாயமாக்கிற்று. அவற்றுள் ஒன்று 'ஈ 102' என்று மாத்திரம் எழுதியிருப்பதைக் காணும் தாய்க்கு அந்த வரலாறு எதுவும் அந்தக் குறியில் இல்லை. சுட்டு இருக்கிறது, சுட்டப்படு பொருள் மறைந்திருக்கிறது.

பண்டத்தின் வகைப் பெயரே ஐயத்துக்கிடமான சந்தர்ப்பமும் உண்டு. இந்தியாவில் 2023-ல் போர்ன்விட்டா என்ற மோல்ற் பானத்தின் சீனி பற்றி எழுந்த சர்ச்சையின் ஈற்றில், 'ஆரோக்கிய பானம்' என்றொரு வகை அந்நாட்டின் உணவுச் சட்டத்திலேயே வரையறுக்கப்படவில்லை என்பது வெளிப்பட்டது. 2024 ஏப்ரிலில் அந்தத் தலைப்பின் கீழ் அத்தகைய பானங்களை இணைய வணிகர் விற்றலாகாது என்று மத்திய அரசு அறிவுறுத்திற்று. நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் மோல்ற் மாப் போத்தலோடு போகும் யாழ்ப்பாணத்து வழக்கம் அந்தப் பெயரின் செல்வாக்கை நன்கு விளக்கும்.

எண்களை நம்பியோர்

நஞ்சு பற்றிய அச்சம் தணிந்த பின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இருதய நோயும் நீரிழிவும் பற்றிய அச்சம் எழுந்தது. உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் 1963-ல் சேர்ந்து அமைத்த கோடெக்ஸ் ஆணைக்குழு, 1985-ல் போசணைச் சுட்டுத்துண்டிடலுக்கான வழிகாட்டியை வெளியிட்டது; ஐக்கிய அமெரிக்கா 1990-ல் சட்டமியற்றி 1994 முதல் போசணை அட்டவணையைக் கட்டாயமாக்கிற்று. பிரஜைக்குத் தகவலைக் கொடுத்துவிட்டால் அவன் நியாயமாகத் தெரிவுசெய்வான் என்பதே இக்கொள்கையின் அத்திவாரம்.

இதன் குறைபாடு வயது வந்தோருக்குச் சிறிது, பிள்ளைகளுக்குப் பெரிது. அட்டவணையின் வலப்புறத்தில் வரும் சதவீதம் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2000 கலோரி வேண்டிய ஒரு கற்பனை மனிதனுக்காகக் கணிக்கப்பட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ 1300 கலோரி போதும். உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் வகுத்த நெறிப்படி, சேர்க்கப்பட்ட சீனியும் தேன், பழச்சாறு ஆகியவற்றின் சீனியும் மொத்தச் சக்தியில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டலாகாது, ஐந்துக்குள் நின்றால் மேலும் நன்று. அந்தப் பிள்ளையின் அளவில் இது 32 கிராம். ஐந்து வீதமாயின் 16 கிராம். பெரியவருக்கென்று எழுதிய 'பத்து வீதம்' என்ற எண் பிள்ளைக்குப் பதினைந்து வீதத்துக்கு மேல் வரும். இந்தப் பெருக்கலைக் கடை வாசலில், பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்போது செய்ய வல்லவர் எத்தனை பேர்?

'ஒரு பரிமாறல்' என்ற அளவும் இத்தகைய மாயமே. மூன்று பிஸ்கற்றை ஒரு பரிமாறல் என எழுதுபவன் உற்பத்தியாளன். எத்தனையோடு நிறுத்துவது என்று தீர்மானிப்பது பிள்ளை. ஆதலின் இரண்டு பண்டங்களை ஒப்பிடும்போது 100 கிராமுக்கான எண்ணைப் பார்ப்பதே நேர்மையான வழி. அங்கும் ஒரு சிக்கல் உண்டு. பால்மாவின் அட்டவணையில் தோன்றும் சர்க்கரை பெரும்பாலும் பாலுக்கு இயல்பான லக்ற்றோஸ். பிஸ்கற்றின் சர்க்கரை கரண்டியால் அள்ளிப் போட்டது. இரண்டும் ஒரே பெயரில் ஒரே வரியில் நின்றால் படிப்பவர் மயங்குவர். அமெரிக்கா 2016-ல்தான் 'சேர்க்கப்பட்ட சீனி' என்று தனி வரி இட விதித்தது.

நிறமும் நட்சத்திரமும்

எண் பதவுரை என்றால், அடுத்து வந்தோர் பொழிப்புரை வேண்டும் என்றனர். படிப்பவருக்கு நேரம் இல்லை, கணிதம் இல்லை. ஆகவே முடிவை முகப்பிலேயே குறியாகப் பொறித்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். சுவீடன் 1989-ல் பச்சைத் திறவுத்துவாரக் குறியைத் தொடங்கிற்று. பிரித்தானியா 2006-ல் வீதிச் சமிக்ஞை விளக்கின் மூன்று நிறங்களைப் பரிந்துரைத்து, 2013-ல் அதைத் தன்விருப்பத் திட்டமாகச் சீர்செய்தது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2014-ல் நட்சத்திரங்களையும், பிரான்ஸ் 2017-ல் ஐந்தெழுத்துத் தரத்தையும் ஏற்றன. இந்தியா 2022-ல் நட்சத்திர வரைவொன்றை முன்வைத்து, எச்சரிக்கைக் குறியை வேண்டுவோரின் எதிர்ப்புக்கு ஆளாயிற்று.

இந்த வரிசையில் இலங்கை பின்தங்கி நிற்கவில்லை என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். 2016 ஆகஸ்ற் முதலாந் திகதி முதல் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இந்நாட்டிற் கட்டாயமாயிற்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். 2-க்குக் குறைந்தால் பச்சை. பிரித்தானியாவில் விருப்பமுள்ள நிறுவனம் மாத்திரம் இடும் குறியை இலங்கை சட்டமாக்கிற்று என்பது சிறிய விஷயமன்று. 2019ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் சீனி, உப்பு, கொழுப்பு என்ற மூன்றுக்கும் திண்ம, அரைத்திண்ம உணவுகளிலும் நிறம் வகுத்தன. 100 கிராமில் சீனி 22 கிராமையும், உப்பு 1.25 கிராமையும், கொழுப்பு 17.5 கிராமையும் தாண்டினால் சிவப்பு. இலங்கையின் எந்தக் கோடியிலும் எழுத்தறியாத பாட்டியும் தன் பேரப்பிள்ளைக்கு வேண்டாததை இதனால் விலக்கலாம் என்பது இத்திட்டத்தின் மெய்யான பெருமை. சிவப்பைத் தவிர்க்கும் பொருட்டுப் பானத்தின் சீனியைக் குறைத்த உற்பத்தியாளரும் உளர். வாங்குவோர் குறியை நோக்காதபோதும் குறி வேலை செய்தது என்பதை எதிர்வாதிகளும் மறுப்பதில்லை.

ஆயினும் எல்லைக்கோடுகள் இயற்கையில் உள்ளவையல்ல, வகுக்கப்பட்டவை. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள பானம் மஞ்சட் குறியோடு விற்கப்படும். அதில் 250 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றைக் குடித்த ஐந்து வயதுப் பிள்ளை 25 கிராமை, அஃதாவது அன்றைக்கான மேலெல்லையில் நான்கில் மூன்று பங்குக்கு மேலானதை, ஒரே மூச்சில் உட்கொண்டுவிடும். மஞ்சள் 'கவனம்' என்று சொல்ல, குடும்பம் அதைப் 'பரவாயில்லை' என்று வாசிக்கிறது. பிரித்தானியாவின் பான எல்லையும் 11.25 கிராமே, ஆனால் அதே நாடு 2018-ல் வரி விதிக்கப் புகுந்தபோது 5 கிராமையும் 8 கிராமையும் எல்லையாக்கிற்று என்பதை ஒப்பிட்டால், குறியிடுவோரின் கை தாராளமாகவும் வரியிடுவோரின் கை இறுக்கமாகவும் இருத்தல் விளங்கும்.

இனிப்பூட்டிகள் வேறொரு வாசலைத் திறந்துவிட்டன. சீனியை நீக்கி இரசாயன இனிப்பூட்டியைச் சேர்த்த பானம் பச்சைக் குறி பெறும். உடற்பருமனைக் கட்டுப்படுத்த அத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்தலாகாது என உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் ஆலோசனை கூறியிருக்க, பிள்ளையின் நாவோ கடும் இனிப்புக்கே பழகிக்கொண்டிருக்க, பச்சை நிறம் எதற்கு அனுமதி கொடுக்கிறது?

நமது அடுக்களையை நோக்கினால் சங்கடம் இன்னும் கூடுகிறது. வறுத்த கச்சானில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 கிராம் கொழுப்பு உண்டு, எள்ளும் அவ்வளவே. அந்த எல்லைகளைக் கணக்களவிற் பொருத்திப் பார்த்தால் எள்ளுப்பாகு இரட்டைச் சிவப்பு, பனங்கட்டி சிவப்பு, தேங்காய்ப்பூவும் சிவப்பு. மாறாகச் சத்தென்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத, ஆனால் சீனியும் உப்பும் கொழுப்பும் குறைந்த வெறும் மாப்பண்டமொன்று மூன்று பச்சையோடு தலைநிமிர்ந்து நிற்கும். நிறம் தீமையை எண்ணுகிறது, நன்மையை எண்ணுவதில்லை. நன்மையையும் சேர்த்து எண்ணப் புகுந்த திட்டங்கள் வேறு குழியில் விழுந்தன: அமெரிக்காவில் உணவு நிறுவனங்கள் தாமே 2009-ல் தொடங்கிய 'புத்திசாலித் தெரிவு' என்ற அடையாளம், விற்றமின் சேர்ந்திருப்பதை முன்னிட்டு, சீனி மிகுந்த வண்ணவளையத் தானியப் பண்டத்துக்கும் கிடைத்துவிட, ஊர் சிரித்தது, சில மாதங்களிலேயே அத்திட்டம் நிறுத்தப்பட்டது.

எச்சரிக்கை

சிலி நாட்டார் பொழிப்புரையையும் விட்டு, ஒரே ஒரு சொல்லை வைத்தனர். 2012-ல் இயற்றி 2016 ஜூனில் அமுலாக்கிய சட்டப்படி, சீனி, உப்பு, நிறைகொழுப்பு, கலோரி என்பவற்றில் எல்லை மீறிய பண்டம் 'மிகுதி' என்ற கருநிற எண்கோணத்தைத் தாங்க வேண்டும். அதனோடு பிள்ளைகளைக் கவரும் சித்திரங்களைப் பொதியில் இடுதல், பாடசாலையில் விற்றல், சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பரம் செய்தல் ஆகியனவும் தடைப்பட்டன. தொடர்ந்த ஆண்டுகளில் எண்கோணம் பெறும் பானங்களின் கொள்வனவு நான்கில் ஒரு பங்களவு குறைந்ததாக ஆய்வாளர் கணித்தனர். இதை மறுக்க நியாயமில்லை. ஆனால் குறியால் குறைந்ததா, தடையால் குறைந்ததா, சில ஆண்டுகள் முன்னரே மாற்றிய வரியால் குறைந்ததா என்று பிரித்தறிதல் எளிதன்று. நல்ல ஆகாரம் எது என்பதைப் பற்றி எண்கோணம் வாய் திறப்பதுமில்லை.

பக்கற்றையே விலக்கும் கட்சி

பிறேசிலின் காலோஸ் மொந்தேய்ரோ 2009-ல் முன்வைத்த கருத்து மேற்கண்ட எல்லாவற்றையும் புறந்தள்ளுகிறது. உணவிலுள்ள சத்தை எண்ணாதீர், அது எந்த அளவுக்குத் தொழிற்சாலையில் உருமாற்றப்பட்டது என்று நோக்குங்கள் என்பது அவர் போதனை. 2019-ல் அமெரிக்க அரச ஆய்வுகூடத்தில் இருபது பேரை வைத்துச் செய்த பரிசோதனையில், சத்தின் அளவைச் சமப்படுத்திக் கொடுத்தபோதும், அதிகம் பதனிட்ட உணவு கிடைத்த இரு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். அவர்கள் வயது வந்தோர். பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்துதல் துணிவு.

யாழ்ப்பாணத்தில் இக்கட்சி புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. 1990-களின் பொருளாதாரத் தடையின்போது பக்கற் உணவு அரிதாகி, பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தும், குரக்கன் பிட்டும் உழுத்தம்மாக் களியும் ஒடியற் கூழும் உண்டும் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2002-ல் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்ததும், 2006-ல் மூடி 2009-க்குப் பின் மீண்டும் திறந்ததும், தெற்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பொதியுணவுகள் கடைகளை நிறைத்ததும் அடுத்தடுத்த படிகள். அந்தப் பழைய உணவை இன்று ஏக்கத்தோடு பேசுவோர், அது தெரிவு அன்று, இல்லாமை என்பதைச் சில வேளை மறந்துவிடுகின்றனர்.

இக்கட்சியின் பலவீனங்கள் இரண்டு. ஒன்று, உழுந்தை வறுத்து அரித்து இடித்துக் களி கிண்டும் உழைப்பு யாருடையது என்ற கேள்வியை அது பெரும்பாலும் கேட்பதில்லை. மற்றொன்று, பொதியெல்லாம் தீதென்ற தீர்ப்பு பொதுச் சுகாதாரத்தின் பெரிய வெற்றிகளையும் அடித்துச் செல்லும். 1995-ல் இலங்கை விதித்த அயடீன் கலந்த உப்பு பொதியிலேயே வருகிறது. 1973 முதல் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசு இலவசமாய் வழங்கி வரும் திரிபோஷா, சோளமும் சோயாவும் பதனிட்டுத் தொழிற்சாலையிற் செய்த மாவேயாகும். மொந்தேய்ரோவின் வகுப்பிலே அதை எந்தக் கூண்டில் அடைப்பது?

வாசிக்காமலே காத்தல்

வாசிப்பையே நம்பாத கொள்கை ஒன்றும் உண்டு. தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாவின் வியாபாரப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த உலக சுகாதார சபை 1981-ல் ஏற்ற நெறிக்கோவையும், அதையொட்டி இலங்கை 1983-லேயே வகுத்த கோவையும் பெற்றோரை நோக்கி 'நன்றாகப் படியுங்கள்' என்று சொல்லவில்லை. விற்போரை நோக்கி 'இதைச் சொல்லலாகாது' என்றன. குழந்தையின் கொழுத்த முகத்தைப் பெட்டியில் அச்சிடாதே என்பது எந்த அட்டவணையையும் விடக் கூர்மையான கட்டளை. 2017 நவம்பரில் இனிப்புப் பானங்களின் சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வீதம் விதித்த வரியும், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் மென்பானங்களை விலக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையும் இவ்வகையின. வரி அடுத்த ஆண்டே தளர்த்தப்பட்டது. சுற்றறிக்கையோ பாடசாலைப் படலையோடு நின்றுவிடுகிறது. படலைக்கு எதிரே உள்ள கடை அதன் எல்லைக்குள் இல்லை.

பிள்ளையின் நிறையும் பெட்டியின் நிறமும்

மேற்கூறிய திட்டங்களெல்லாம் மிகையை அஞ்சும் நாடுகளிற் பிறந்தவை. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் அற்றோர். 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை அற்றோர். 21 பேரளவில் வயதுக்கேற்ற நிறை அற்றோர். குறைவும் மிகையும் ஒரே ஊரில், சில வேளை ஒரே வீட்டில் இருக்கின்றன. மெலிந்த பிள்ளையின் தாய்க்கு வேண்டியது கொழுப்பையும் புரதத்தையும் கூட்டுவது. அவள் கையிலுள்ள பெட்டியோ கொழுப்பைச் சிவப்பாக்கி அச்சுறுத்துகிறது.

அவளிடம் நிறம் தீட்டிய வேறோர் ஏடும் உண்டு. பிள்ளை பிறந்ததும் தரப்படும் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டின் வளர்ச்சி வரைபில், மாதந்தோறும் குடும்ப நல உத்தியோகத்தர் நிறுத்துப் புள்ளியிடும்போது, பிள்ளை பச்சையில் நிற்கிறதா, கீழே செம்மஞ்சளையும் சிவப்பையும் நோக்கிச் சரிகிறதா என்பதை ஊர்த் தாய்மார் யாவரும் அறிவர். அந்த நிறம் பிள்ளையைச் சுட்டுகிறது. பெட்டியின் நிறம் பண்டத்தைச் சுட்டுகிறது. ஒரே சிவப்பு ஓரிடத்தில் 'போதாது' என்றும் மற்றோரிடத்தில் 'அதிகம்' என்றும் பொருள்படும். இவ்விரண்டையும் இணைத்து வாசிக்கக் கற்பிப்பவர் இன்று கிளினிக்கில் அந்த உத்தியோகத்தர் ஒருவரே. சுட்டுத்துண்டு பற்றிய சர்வதேச வாதங்களில் அவருக்கு இடமேயில்லை என்பது என் மனத்தாங்கல்.

மொழியும் நம்பிக்கையும்

1987-ல் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் பல பொதிகளில் ஆங்கிலம் பெரிதாயும் தமிழ் நுண்ணெழுத்தாயும் வருதலையும், வருகின்ற தமிழ் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழாயிருத்தலையும் கடைக்குச் செல்லும் யாவரும் காண்பர். 'நிறைவுற்ற கொழுப்பு' என்பது முழுமையான கொழுப்பென்றும் நல்ல கொழுப்பென்றும் பொருள்படக் கூடிய மொழியில், அந்தச் சொல்லைக் கண்டு அஞ்சவேண்டியவர் மகிழ்ந்தால் யாரைக் குறை சொல்வது? உண்மையில் நம் கடைகளில் முதலில் வாசிக்கப்படுபவை காலாவதித் திகதியும் விலையுமே. 2022-ன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விலை முந்திக்கொண்டது. சைவ வீடுகளில் இவற்றுக்கு அடுத்தபடியாகத் தேடப்படுபவை முட்டையும் ஜெலற்றினும். ஆகவே வாசிக்கத் தெரியாதோர் என்று நம் மக்களைச் சொல்லுதல் பிழை. தமக்குப் பொருட்டானதை அவர்கள் நுணுகி வாசிக்கின்றனர்.

நம்பிக்கையின் கதை இவ்வூருக்குத் தனியானது. சுன்னாகம் மின்நிலையச் சூழலில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது என்ற முறைப்பாடு எழுந்தபோது, கிணற்று நீரைப் பரிசோதித்தோரின் அறிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 2015-ல் தொடுத்த வழக்கில் 2019 ஏப்ரிலில் உயர்நீதிமன்றம், தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்று பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா செலுத்துமாறு தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் பிள்ளைக்கு எந்த நீரைக் காய்ச்சிக் கொடுப்பதென்று அறியாமல், கிணற்றை விட்டுப் போத்தல் நீருக்கும் தாங்கி நீருக்கும் மாறிய குடும்பங்கள் பல. அளவீடு என்பது அளந்தவரின் பெயரோடு சேர்ந்தே மதிக்கப்படும் என்பதை அவ்வாண்டுகள் இவ்வூருக்குக் கற்பித்தன. சுட்டுத்துண்டின் எண்களை எழுதுபவர் உற்பத்தியாளர். சரிபார்க்க வேண்டியவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவரோ கடையையும் பேக்கரியையும் டெங்கு நுளம்பையும் ஒருங்கே பார்க்க வேண்டியவர்.

எஞ்சியவை

இவற்றை நிறுத்துப் பார்க்கையில், சுட்டுத்துண்டு பிள்ளையின் ஆகாரத்தை அமைத்துத் தராது, சில பண்டங்களை வாசலிலேயே தடுத்து நிறுத்த உதவும் என்ற மட்டான முடிவுக்கே வர இயலுகிறது. பானம், மோல்ற் மா, கிறீம் பிஸ்கற், உடனடி நூடில்ஸ் என்ற நான்கைந்து வகைகளில் அதன் உதவி மெய்யானது. அங்கே சேர்மானப் பட்டியலின் முதல் மூன்று சொற்களும் 100 கிராமுக்கான சீனி, உப்பு எண்களும் சதவீத வரியை விட நம்பத்தக்கவை. நிறக்குறியைச் சிலியின் எச்சரிக்கையாக மாற்றினால் இலங்கையில் அதிகம் பயன் விளையுமா என்பது தீராத வாதம். இனிப்பூட்டிக்குப் பச்சை கொடுக்கலாமா என்பதும், பிள்ளைக்கென்றே விற்கும் பண்டத்துக்குப் பிள்ளையின் அளவில் எல்லை வகுத்தல் கூடுமா என்பதும் அத்தகையவே. கடைசியாகச் சொன்னதற்குச் செலவு அதிகமில்லை. எண்ணை மாற்றினால் போதும். ஆயினும் 'பிள்ளைக்கென்று விற்கும் பண்டம்' எது என்று வரையறுக்கப் புகுந்தால், உற்பத்தியாளர் சித்திரத்தை அகற்றிவிட்டு அதே பண்டத்தைக் குடும்பத்துக்கென்று விற்பர்.

இவற்றிலும் கடினமான ஒன்று இருக்கிறது. சுன்னாகத்துப் பிள்ளை ஒரு நாளில் உண்பதில் எத்தனை பங்கு சுட்டுத்துண்டோடு வருகிறது? காலைப் பாணும், இடைவேளைப் பணிசும், மாலையில் ரியூசன் விட்டு வரும் வழியில் வாங்கும் றோல்ஸும் பற்றிஸும் பொதியின்றி விற்கப்படுபவை. அவற்றில் எவ்வளவு உப்பு, எத்தனையாம் முறை காய்ந்த எண்ணெய் என்பதைக் கூற எந்தத் தாளும் இல்லை. சட்டத்தின் நிறங்கள் பொதியின் மேல் ஒட்டுவதற்கு வகுக்கப்பட்டவை. சந்தியில் நிற்கும் கண்ணாடிப் பெட்டிக்கு எந்த நிறத்தை எங்கே ஒட்டுவது என்று இதுவரை எந்த நாடும் திருப்தியாகச் சொல்லவில்லை.